அடிவாரத்து பெஞ்சு: ஆளுக்கொரு குற்றவாளி

கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் மாலை. திருத்தணி மலைப்படிகளில் ஆள் நடமாட்டம் குறைந்து, அடிவாரத்துக் கடைக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் வழக்கமான ஆட்கள் கூடிவிட்டார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார், போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா, அரக்கோணத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் தம்பி. கடை ஓரத்தில் பூக்கார அக்கா கூடையை வைத்துக்கொண்டு முல்லை தொடுத்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் கைபேசியில் ஒரு வீடியோ ஓடியது. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கைப் பற்றி யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டையா, இத்தனை வருஷமாச்சு. போலீஸுக்குத்தான் தெரியல. ஆனா எனக்குத் தெரிஞ்சிடுச்சு” என்றான் தம்பி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கிளாஸை வைத்தார். “எனக்கும்தான் தெரியும். நீ முதல்ல சொல்லு.”

தம்பி ஒரு பெயரைச் சொன்னான். கடைக்காரர் வேறு பெயரைச் சொன்னார். டீ குடிக்க வந்த ஆட்டோக்காரர் ‘அதெல்லாம் இல்லை’ என்று மூன்றாவது பெயரைச் சொன்னார். பத்து நிமிஷத்தில் சொத்து, பகை, அரசியல் என்று எல்லாக் காரணமும் வந்து போயின. ஏட்டையா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

“என்ன ஏட்டையா, நீங்க யாரைச் சொல்றீங்க?”

“நான் யாரையும் சொல்லல தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்னதுல நீங்களா கண்ணால பார்த்தது எது?”

பெஞ்சு அமைதியானது.

வழக்கைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை ஏட்டையா விரல் விட்டு எண்ணினார். கே.என். நேருவின் தம்பி ராமஜெயம், 2012 மார்ச் 29 அதிகாலையில் திருச்சி தில்லைநகர் வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். வீடு திரும்பவில்லை. காணோம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கே, கல்லணை சாலையில் திருவளர்ச்சோலை அருகே அவருடைய உடல் கிடைத்தது. உள்ளூர் போலீஸ் விசாரித்தது. பிறகு சி.பி.சி.ஐ.டி. 2017-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. துப்புக் கொடுத்தால் 50 லட்சம் ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. பத்துப் பேருக்கு மேல் உண்மை கண்டறியும் சோதனைக்கு உட்பட்டார்கள்.

“அந்த மெஷின்ல யாரு மாட்டினாங்க?” என்றான் தம்பி ஆவலாக.

“மெஷின் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. 2010-ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாச் சொல்லிடுச்சு. ஆளோட சம்மதம் இல்லாம அந்தச் சோதனை பண்ணக் கூடாது. சம்மதிச்சுப் பண்ணாலும் அந்த முடிவே சாட்சி ஆகாது. அதை வச்சு ஒரு பொருளோ தடயமோ கிடைச்சா அதுதான் கணக்கு. சோதனைக்குப் போனவங்க எல்லாரும் குற்றவாளின்னு நீ வீடியோவுல கேட்டிருப்ப. அது தப்பு. அவங்களுக்கும் வீடு இருக்கு, புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது.”

“பேசறதுல என்ன ஏட்டையா போயிடப் போவுது? டீக்கடைப் பேச்சுதானே” என்றார் கடைக்காரர்.

இதற்கு வாத்தியார் பதில் சொன்னார். “பேச்சால என்ன போகும்னு பாகவதரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.”

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே காலத்தில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றார். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னரிடம் முறையிட்டார்கள். பத்திரிகை நின்றது. பிறகு ‘இந்து நேசன்’ என்ற பெயரில் அதே வேலை தொடர்ந்தது. 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

“அவர் எழுதினதால பாதிக்கப்பட்டவங்க ஊர் முழுக்க இருந்தாங்க. ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேரு பெரிய பேருங்கதான். டிசம்பர் கடைசியில பாகவதரும் கலைவாணரும் கைது. டீக்கடை, ரயிலு, சலூன் எல்லா இடத்துலயும் இதே பேச்சு. எங்கப்பா சொல்வார், பாகவதர் பாட்டைப் பாடிக்கிட்டேதான் அவரைக் குற்றவாளின்னும் சொன்னாங்களாம்” என்றார் வாத்தியார்.

1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கு திரும்பவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். அதற்குள் 28 மாதம் போய்விட்டது. கலைவாணர் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று மீண்டு வந்தார். பாகவதர் ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ என்று நடித்துப் பார்த்தார். பழைய நாள் திரும்பவில்லை. 1959-ல் காலமானார். லட்சுமிகாந்தன் கொலைக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றைக்கும் புதிர்தான்.

“பாருங்க, ரெண்டு நஷ்டம். குற்றம் பண்ணாதவங்க மேல பழி. பண்ணவன் கவலையில்லாம வீட்டுல தூங்கியிருப்பான். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தா இன்னொரு பக்கத்தை யாரு பார்ப்பா?” என்றார் வாத்தியார்.

தம்பிக்கு முகம் சுருங்கியது. “அப்போ யோசிக்கவே கூடாதா சார்?”

“நல்லா யோசி. ஆனா ஆள்ல ஆரம்பிக்காதே. பொருள்ல ஆரம்பி” என்றார் ஏட்டையா. ஆளவந்தார் வழக்கைச் சொன்னார். போலீஸில் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் அவருக்குச் சொன்ன கதை.

1952 ஆகஸ்ட். சென்னையில் பேனா வியாபாரம் செய்த ஆளவந்தார் வீடு திரும்பவில்லை என்று புகார். கிட்டத்தட்ட அதே நேரத்தில், 400 கிலோமீட்டருக்கும் அப்பால், மானாமதுரை ஸ்டேஷனில் போட் மெயில் ரயில் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் தலையில்லாத உடல். பிறகு ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. அது அவருடையதுதானா என்று யாரும் ஊகத்தில் முடிவு செய்யவில்லை. மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையோடு ஒப்பிட்டார்கள். வழக்கு நிலைத்து நின்றது. கொன்றவர்கள் தண்டனை பெற்றார்கள்.

“சென்னையில ஒரு தாளு, காணோம்னு. மானாமதுரையில ஒரு தாளு, யாருன்னு தெரியலன்னு. அந்த ரெண்டு தாளும் சந்திச்சுது பாரு, அதுதான் துப்பு துலக்கறது. சந்திக்கலேன்னா அந்த மனுஷன் இன்னிக்கும் காணாமப் போனவர்தான்” என்றார் ஏட்டையா.

பூ தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஏட்டையா, என் தம்பி தாளு எங்க இருக்குதுன்னு தெரியல” என்றார் பூக்கார அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்து பூ விற்கிறவர். அவருக்கு ஒரு தம்பி இருந்தது பெஞ்சில் யாருக்கும் தெரியாது.

“நகரியில விசைத்தறிக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தான். ஆறு வருஷம் ஆவுது. ஒருநாள் காலைல ரயிலேறினவன் வரல. போனு அன்னிக்கே நின்னுடுச்சு. சொல்லப் போனா, ‘வேலை பார்த்த ஊர்ல போய்ச் சொல்லும்மா’ன்னாங்க. அங்க போனா, ‘உங்க ஊர்ல போய்க் குடு’ன்னாங்க. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுதத் தெரியாது. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “திருச்சிக்காரருக்கு யாரெல்லாமோ யோசிக்கறீங்க. இவனுக்கு யாரும் யோசிக்கலையே.”

யாரும் பதில் சொல்லவில்லை. ஏட்டையாதான் கேட்டார். “ஏம்மா, எழுத்துல ஏதாச்சும் குடுத்தியா? ரசீது இருக்கா?”

“வாயால சொன்னதுதான்.”

ஏட்டையா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “திருத்தணியில இருந்து ரயில் கிளம்பி பொன்பாடி தாண்டினா ஆந்திரா. அந்தப் பக்கம் ஒரு உடல் கிடைச்சா தெலுங்குல ஒரு தாள். தண்டவாளத்துல கிடைச்சா அரக்கோணம் ரயில்வே போலீஸோ, ரேணிகுண்டா ரயில்வே போலீஸோ இன்னொரு தாள். உயிரோட, ஆனா நினைவு தப்பி எங்கயாச்சும் இருந்தா கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலயோ காப்பகத்துலயோ வேற ஒரு தாள். உன் தாளே இல்லேன்னா எதோட ஒப்பிடுவாங்க?”

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் கிழித்துக் கொடுத்தார். ஏட்டையா ஒவ்வொன்றாகக் கேட்டார். வயசு, உயரம், நிறம். அன்றைக்குப் போட்டிருந்த சட்டை என்ன நிறம்? செருப்பா, ஷூவா? பல் எப்படி? மச்சம், தழும்பு, பச்சை குத்தினது ஏதாவது?

“பச்சை இல்ல. தழும்பும் இல்ல.”

“அடிபட்டது, ஆபரேஷன் பண்ணது?”

அக்கா யோசித்தார். “சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்து இடது கை உடைஞ்சுது. புத்தூர்ல கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். அவன் அவிழ்த்துட்டு ஓடிட்டான். கை கொஞ்சம் வளைஞ்சே நின்னுடுச்சு.”

“இதை யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“யாரும் கேக்கலையே.”

“எழுதுங்க வாத்தியாரே, பெருசா எழுதுங்க. முகம் மாறிப் போனாலும் எலும்பு மாறாது.”

தம்பி வீடியோவை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். “அக்கா, அவரு பேசின நம்பர் இருக்கா? கூட வேலை செஞ்சவங்க பேரு தெரியுமா? ரயில்ல அவர்கூட யாரு போவாங்க?” அக்காவுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் இன்னமும் நகரியில்தான் இருக்கிறார். அதையும் வாத்தியார் குறித்துக்கொண்டார். ‘சந்தேகப்படுகிறவர்கள்’ என்று எழுதப் போன தம்பியை ஏட்டையா தடுத்தார். “‘கூட வேலை பார்த்தவர்கள்’னு எழுதச் சொல்லு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.”

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஏட்டையா வரிசையாகச் சொன்னார். புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கேட்டு வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது. குற்றம் நடந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால், எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிய மறுத்தால் திருவள்ளூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. ஏதாவது ஒன்று பொருந்துவதுபோல் தெரிந்தால், அக்காவின் ரத்த மாதிரியை வைத்து டி.என்.ஏ. ஒப்பிடக் கேட்கலாம்.

“ஆறு வருஷம் போச்சே ஏட்டையா, இப்போ எடுப்பாங்களா?”

“கொலைக்குக் காலக் கெடு கிடையாதும்மா. காணாமப் போனதுக்கும் இத்தனை நாளுக்குள்ள வான்னு எவனும் சொல்ல முடியாது. ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லு. அலைக்கழிச்சதையும் சொல்லு.”

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். “அக்கா, அவருக்கு என்ன ஆயிருக்கும்னு நீங்க நினைக்கறீங்க?”

அக்கா கூடையிலிருந்த ஈரத்துணியை இழுத்துப் பூவை மூடினார். “எனக்கு யாரு பண்ணாங்கன்னெல்லாம் வேண்டாம்பா. இருக்கானா, இல்லையா, அது தெரிஞ்சாப் போதும். எங்கம்மா இன்னும் ராத்திரி வாசல் லைட்டை அணைக்க விடறதில்ல.”

வாத்தியார் எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டினார். அக்கா ஒரு திருத்தம் சொன்னார். சட்டை நீலம் இல்லை, பச்சைக் கட்டம். கையெழுத்துப் போடும்போது கையில் பூ நார் ஒட்டியிருந்தது, துடைத்துக்கொண்டார்.

“கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நான் சொல்லலம்மா. ஆனா இனிமே உன் தாளும் இருக்கும்” என்றார் ஏட்டையா.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சந்திப்பது என்று முடிவானது. தம்பி அரை நாள் லீவு சொல்லிவிட்டான். நகரியில் இருக்கும் அந்த ஆளிடம் பேச, தெலுங்கு நன்றாக வரும் கடைக்காரரையும் கூப்பிட்டார்கள். கடையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. ஆட்டோக்காரர் டீ போடத் தெரியும் என்றார். அதை மட்டும் பெஞ்சில் யாரும் நம்பவில்லை.