அடுப்படி இங்கிலீஷ்: சேஃப்டி

நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த இங்கிலீஷ் வார்த்தை பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லை, தீப்பெட்டி லேபிளில் இருந்தது. எங்கள் கழுகுமலைப் பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கிடையாது, கம்பும் கிடையாது. தீப்பெட்டிதான் சோறு போடும். அம்மா மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போட்டுக் கிண்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டுவேன். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கம்பெனியிலிருந்து அம்மா கொண்டுவரும் கிழிந்த லேபிள்களில் கிளியோ ரோஜாவோ இருக்கும். கீழே ‘சேஃப்டி மேட்சஸ்’.

“அப்படின்னா என்னம்மா?”

“பத்திரமான தீப்பெட்டி.”

“அப்ப சுடாதா?”

“கையை வச்சுப் பாரு, தெரியும்” என்றாள்.

இன்றைக்கு இந்த ‘சேஃப்டி’யைச் சொல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்? “நகையை பேங்க்ல வச்சாத்தான் சேஃப்டி”, “எதுக்கும் ஒரு சேஃப்டிக்குக் குடை எடுத்துக்கிடுங்க” என்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பொருளை “சேஃப்டியா வச்சிருக்கேன்” என்றால், அதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அர்த்தம்!

‘சேஃப்’ என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. காயம் படாமல், முழுசாக இருப்பது என்று பொருள். ஆனால் யாருக்குக் காயம் படாமல்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

தீப்பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்துக் குச்சி செய்தார்கள். எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதைவிடக் கொடுமை, அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பே அழுகிப்போகும். லண்டனில் 1888-ல் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு 1906-ல் பல நாடுகள் கூடி அந்தப் பாஸ்பரஸை விலக்க ஒப்பந்தம் போட்டன. சேஃப்டி தீப்பெட்டி சுவீடன்காரர்கள் கொண்டுவந்தது. அதில் விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவி, மற்ற மருந்தைக் குச்சியில் வைத்தார்கள். இரண்டும் உரசினால்தான் நெருப்பு. தானாகப் பற்றாது என்பதுதான் அந்த ‘சேஃப்டி’. பிள்ளை கையில் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை.

குக்கரில் இருக்கும் சேஃப்டி வால்வும் அப்படித்தான். வெயிட் போடும் குழாயில் பருப்பு நுரை அடைத்துக்கொண்டால் அந்த வால்வு உருகி ஆவியை வெளியே விடும். கடைசிக் காவல் அது. அது போய்விட்டால் அதே கம்பெனி வால்வைத்தான் வாங்கிப் போட வேண்டும். தினமும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

இனி சேஃப்டி பின். நம் ஊர் ஊக்கு. 1849-ல் அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 15 டாலர் கடனை அடைப்பதற்காக அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பார்கள். பாவம், மனுஷனுக்கு வியாபாரம் தெரியவில்லை. கூர் முனையை ஒரு மூடிக்குள் ஒளித்துவைத்ததுதான் அவர் செய்த காரியம். குத்திக்கொள்கிறவர் விரலுக்கு அது சேஃப்டி. அவ்வளவுதான்.

எல்லாரையும் போல நானும் தாலிக்கொடியில் நாலு ஊக்கு மாட்டியிருப்பேன். 2006-ல் என் சின்னவனுக்குப் பத்து மாசம். இடுப்பில் வைத்துக்கொண்டு குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன். அவன் கொடியைப் பிடித்துச் சப்புவது வழக்கம்தான். திடீரென்று வீறிட்டு அழுதான். வாயிலிருந்து எச்சில் ஊற்றுகிறது, பால் இறங்கவில்லை. கொடியைப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தது.

அத்தை பதறிப்போய், “வாழைப்பழத்தைக் கொடும்மா, வழுக்கிட்டுப் போயிரும்” என்றார்கள். பக்கத்து வீட்டு மதினி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கச் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதுவும் செய்யாமல் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் நல்லதாகப் போயிற்று. அப்போது 108 கிடையாது. வாடகைக் காரில் கோவில்பட்டி போய், எக்ஸ்ரே எடுத்து, அங்கிருந்து திருநெல்வேலி. ஊக்கு வாயைத் திறந்தபடி உணவுக் குழாயில் நின்றது. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஊக்கு முழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே பழம், சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்கக்கூடாது. விரலை விட்டுத் துழாவக்கூடாது, வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. திறந்த ஊக்கு என்றால் உள்ளே குத்திக் கிழித்துவிடும். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் என் கொடியைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அங்கேயே மிச்ச மூன்றையும் கழற்றிப் பர்சில் போட்டேன். குழந்தையின் வளையலிலும் அரைஞாண் கயிற்றிலும் ஊக்கு மாட்டுகிறவர்கள் இதைப் படித்த கையோடு கழற்றிவிடுங்கள்.

எடுத்த ஊக்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கி பீரோவில் சேஃப்டியாக வைத்தார். இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த இதழில் ‘ஸ்பூன்’. மருந்துச் சீட்டில் எழுதும் ஸ்பூனும் நம் அஞ்சறைப்பெட்டி ஸ்பூனும் ஒன்றா என்று அளந்து பார்த்து வையுங்கள்.