வெள்ளிக்கால் ஈ

மொழிபெயர்ப்பாளனை மாட்டிவிடுபவை பெரிய சொற்கள் அல்ல, சின்னச் சொற்கள். பல வருடங்களுக்கு முன் பீகாரின் காலா அசார் காய்ச்சல் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது, 'ஸாண்ட் ஃப்ளை' என்பதை யோசிக்காமல் 'மணல் ஈ' என்று எழுதிவிட்டேன். இந்தியில் 'பாலு மக்கி' என்பதும் அதே பொருள்தான். அடுத்த வாரம் வாசகர் ஒருவரிடமிருந்து தபால் கார்டு: 'இனி மெரீனாவில் உட்காரலாமா, கூடாதா?'

தாராளமாக உட்காரலாம். பீகாரில் இந்த ஈக்கு மணல் தேவையில்லை. மண்சுவர் விரிசலும் மாட்டுக் கொட்டகையின் ஈர மண்ணும் போதும். நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். கொசுவைவிடச் சிறியது. உடல் முழுக்க மயிர். உட்காரும்போதும் இறக்கைகளை மடிக்காமல் தூக்கியே வைத்திருக்கும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஒரே சுவரில் பல இனங்கள் பிடிபடும். இந்தியாவில் காலா அசாரைப் பரப்புவது ஃபிளபாடமஸ் அர்ஜென்டிபஸ். அதோடு சேர்ந்து சிக்கும் செர்ஜென்டோமையா வகைகள் பெரும்பாலும் பல்லி, ஓணான் ரத்தத்தோடு திருப்திப்படுபவை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதல் துப்பு கிடைக்கும். வயிற்றின் மேல்புற மயிர் நிமிர்ந்து நின்றால் ஃபிளபாடமஸ், படிந்து கிடந்தால் செர்ஜென்டோமையா. அதற்கு மேல் போக, ஈயைக் காஸ்டிக் பொட்டாஷில் ஊறவைத்து, தலையைத் தனியாக வெட்டி, கண்ணாடி வில்லையில் பதித்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். செர்ஜென்டோமையாவின் வாய்க்குழிக்குள் சீப்புபோல வரிசைப் பற்கள் தெரியும். இனத்தை உறுதிசெய்ய, பெண் ஈ என்றால் விந்தைச் சேமிக்கும் பையின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். ஆண் என்றால் இனப்பெருக்க உறுப்பில் முட்கள் எத்தனை, எங்கே என்று எண்ணுகிறார்கள். கடிப்பது பெண் மட்டுமே. வெட்டும்போது கை நடுங்கினால் அன்றைய பிடிப்பு வீண்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? மருந்தடித்தபின் ஈ குறைந்ததா என்று கணக்கெடுக்கிறார்கள். எண்ணியவற்றில் பாதி பல்லிக்கடியன் என்றால் அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்? மருந்து வாங்கக் கிடைக்கும் பணம் இந்தக் கண்களைப் பழக்கவும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஈமீது குற்றத்தை நிரூபிக்கவே ஏறத்தாழ 40 வருடங்கள் பிடித்தன. நோய்க்கிருமியை 1903இல் சென்னைப் பொதுமருத்துவமனையில் சார்லஸ் டோனவன் கண்டார். அவர் பெயரும் லீஷ்மன் பெயரும் சேர்ந்துதான் 'லீஷ்மானியா டோனவானி'. 1924இல் கல்கத்தா ஆய்வாளர்கள் இந்த ஈயின் உடலுக்குள் அது பெருகுவதைப் பார்த்தார்கள். ஆனால் ஒரு முறை ரத்தம் குடித்த ஈ, இரண்டாவது ஆளைக் கடிக்குமுன் செத்துப்போனது. முடிச்சை அவிழ்த்தது உலர்திராட்சை! அதைத் தின்னக் கொடுத்ததும் ஈக்கள் பிழைத்தன, கிருமியும் செழித்தது. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தொண்டர்களைக் கடிக்கவிட்டு நோய் பரவுவதை உறுதிசெய்தார்கள். மலேரியாவுக்கு அடித்த டி.டி.டி.யால் ஒடுங்கிய நோய், 1977இல் பீகாரில் மறுபடி வெடித்தது.

'ஃபிளபாடமஸ்' என்றால் நரம்பை அறுப்பவன். 'அர்ஜென்டிபஸ்' என்றால் வெள்ளிக்கால். கால்கள் உண்மையிலேயே வெண்மையாக மின்னும். பெயர் வைத்தவர்கள் ஈயைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் அகராதியைப் பார்த்து வைத்தேன். அந்தக் கார்டுக்குப் பிறகு 'மணல் ஈ' என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'மண்சுவரில் இருப்பது' என்று சேர்க்கிறேன். இடமில்லை என்று ஆசிரியர் குழு அதை வெட்டுகிறது.