கொட்டிலிலே வாழும் தமிழ்

சென்ற தவணைப் பரீட்சையில் மாணவர் எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'எங்கள் வீட்டு மாடு' என்பது பொருள். ஒரு மாணவன், "எங்கள் பசு இம்முறை நாகுகன்று ஈன்றது, சென்ற ஈற்றிலே நாம்பன்கன்று" என்று எழுதியிருந்தான். நாகு, நாம்பன் என்னும் இரு சொற்களையும் சிவப்பு மையாற் சுழித்து, 'கொச்சை வழக்கு. பெண்கன்று, ஆண்கன்று என எழுதுக' என ஓரத்திலே குறித்தேன். இரண்டு புள்ளிகளையும் குறைத்தேன்.

சில நாட்களின் பின் வேறொரு தேவைக்காகத் தொல்காப்பியத்து மரபியலைப் புரட்டியபோது என் தவறு எனக்கு விளங்கிற்று. விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கும் அவ்வியலில், எருமைக்கும் பசுவுக்கும் உரிய பெண்பாற் பெயராக 'நாகு' நிற்கின்றது. அம்மாணவன் அதனை எந்நூலிலும் கற்றவனல்லன். தன் பாட்டியார் வாய்க் கேட்டதை எழுதியவன். பாட்டியார் காத்துவைத்த மரபைத் தமிழாசிரியனாகிய நான் கொச்சையென்று தள்ளிவிட்டேன்.

அன்று தொடக்கம், மாடு ஆடு வளர்ப்போரின் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்கலானேன். கன்று வயிற்றிலிருப்பது சினை. முதன்முறை ஈனுவது தலையீற்று. ஈன்றபின் விழுவது இளங்கொடி. அதனைக் கட்டி ஆலமரத்திலே தூக்குவார்கள். பாலுள்ள மரத்திலே தூக்கினாற் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. ஆட்டிலே கிடாய் என்றும் மறி என்றும் பிரிப்பார்கள். மரபியலிலே மறி என்பது ஆட்டின் இளமைப் பெயர்; யாழ்ப்பாணத்திலோ அது பெட்டையாட்டைக் குறிக்கின்றது. பொருள் சற்றே நகர்ந்திருக்கின்றது; சொல் சாகவில்லை.

இச்சொற்கள் வெறும் பெயர்களுமல்ல. ஈன்ற பசுவின் முதற்பாலைக் கடும்பு என்கிறோம். கன்று வயிறாரக் குடித்த பின்னரே வீட்டார் கடும்பிலே கைவைக்கலாம் என்று எங்கள் அயலிலுள்ள மூதாட்டி ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். அதன் நியாயத்தை இன்றைய விலங்கு மருத்துவமும் ஒப்புகின்றது. பசுவின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த முதற் சில மணி நேரத்துள் குடிக்கும் கடும்பே அவற்றைக் கொடுக்கின்றது. ஒரு நாள் கழிந்தால் அவற்றை உறிஞ்சும் ஆற்றலைக் கன்றின் குடல் பெரும்பாலும் இழந்துவிடும்.

ஒருமுறை கால்நடை வளர்ப்புப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை அம்மூதாட்டிக்கு வாசித்துக்காட்டினேன். அதிலே 'கொலஸ்திரம் உடனடியாக வழங்கப்படல் வேண்டும்' என்றிருந்தது. "அந்த மருந்து எந்தக் கடையிலை விக்குது, தம்பி?" என்று அவர் கேட்டார். எழுதியவருக்கும் அவருக்கும் இடையே அறிவிலே பகையில்லை. இருவரும் ஒன்றையே சொல்கின்றனர். ஒரு சொல் குறுக்கே நின்றுவிட்டது. இவருக்கு அனுபவமுண்டு, பிரசுரத்தை மட்டும் நம்பிப் புதிதாக மாடு வாங்கிய ஒருவர் கேட்டிருந்தால், மருந்தைத் தேடி அலைவதற்குள் கன்றுக்குரிய காலம் கடந்திருக்கும்.

நிற்க. "வீடுதோறும் பால்மா வாங்கும் காலத்திலே இச்சொற்களைக் கட்டியழுவதால் என்ன பயன்?" என்பாரும் உளர். பட்டி குறைந்தது உண்மையே. வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோர் பலர் மாடுகளை அவிழ்த்துவிட்டே போயினர். ஆயினும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இன்றும் பட்டி வைத்திருப்போர் இருக்கின்றனர், குறி சுடுகின்றனர், தைப்பொங்கலின் மறுநாளிலே பட்டிப்பொங்கல் பொங்குகின்றனர். வாழ்வோரின் மொழியை இறந்ததாகக் கணக்கெழுத நமக்கு உரிமையில்லை.

1960களின் தொடக்கத்திலே ஈழத்து இலக்கிய உலகில் 'மரபுப் போராட்டம்' என்று ஒரு விவாதம் நிகழ்ந்தது. பேச்சு வழக்கு இலக்கியத்திலே இடம்பெறலாமா என்பது அதன் முக்கியமான வினாக்களுள் ஒன்று. மரபு ஒருபுறம், மக்கள் பேச்சு மறுபுறம் என நாம் அதனை நினைவில் வைத்திருக்கிறோம். மாட்டுக்கொட்டிலிலே நின்று பார்த்தால் இப்பிரிவு பொருந்துவதாயில்லை. அங்கே பேச்சே மரபைத் தாங்கி நிற்கின்றது.

என் பிழைக்குக் கழுவாயாக அம்மாணவனின் தாளிலே, 'நாகு மரபியலில் உள்ள சொல். தவறு என்னுடையது' என்று எழுதி, இரு புள்ளிகளையும் மீளக் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ நாம்பன், சேர்? அதுவும் தொல்காப்பியத்திலை இருக்கோ?" என்று கேட்டான். இல்லையென்றேன். "பிறகேன் புள்ளி தந்தனீங்கள்?" என்றான். நல்ல கேள்வி. பழைய நூலிலே இருந்தாற்றான் ஒரு சொல்லுக்கு மதிப்பென்றால், நான் முதலிற் செய்த பிழையையே வேறு வடிவிற் செய்தவனாவேன். இளங்காளையை ஊரார் நாம்பன் என்கின்றனர். பொருள் தெளிவாக விளங்குகின்றது. அதுவே போதுமான சான்று என்று அவனுக்குச் சொன்னேன்.

மானிப்பாயிலே 1842இல் யாழ்ப்பாண அகராதியை அச்சேற்றிய மண் நம்முடையது. அக்காலத்தார் வசதிகள் குறைந்திருந்தும் சொற்களைத் தொகுத்தனர். இன்று ஒவ்வொரு பாடசாலையும் ஒரு தவணையில் ஒரு கொப்பியை இதற்கென ஒதுக்கினாற் போதும். மாணவர் தத்தம் ஊரிலே மாடு ஆடு வளர்ப்போரிடஞ் சென்று, சொல், பொருள், ஊர், அச்சொல்லோடு வரும் வழக்கம் ஆகிய நான்கையும் எழுதிவரட்டும். கால்நடைப் பிரசுரம் எழுதுவோர் கலைச்சொல் ஆக்குமுன் அக்கொப்பிகளைப் பார்க்கட்டும். ஆசிரியர்களாகிய நாமோ, சிவப்பு மையைத் தொடுமுன் அச்சொல்லை யார் வாய்க் கேட்டாய் என்று ஒருமுறை மாணவனைக் கேட்டுவிடுவோமாக.