தலைவலிக்குக் கழுத்துல சொடக்கு எடுக்காதீங்க

முடி வெட்டி முடிச்சதும் தலையைத் தட்டி, பிடிச்சு விட்டு, கடைசியா தாடையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் 'படக்'குனு திருப்புவாங்க. தலைபாரம் இறங்கின மாதிரி இருக்கும். தலைவலின்னா இதுக்காகவே சலூனுக்குப் போறவங்க உண்டு. பிடிச்சு விடுறதோட நிறுத்தச் சொல்லுங்க. அந்தத் திருப்பு வேண்டாம்.

கழுத்தெலும்புகளோட பக்கவாட்டுத் துளைகள் வழியாத்தான் பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோற தமனி மேல ஏறுது. சட்டுனு திருகினா அதோட உள்சுவர் கிழியலாம். கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். அரிதுதான். ஆனா இளவயசுல வர்ற பக்கவாதத்துக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு சிக்கல், தமனி தானா கிழிய ஆரம்பிச்சாலும் முதல்ல தெரியறது கழுத்துவலியும் தலைவலியும்தான். அந்த வலிக்கே போய் சொடக்கு எடுத்தா?

2022-ல ஹைதராபாத்ல 50 வயசுப் பெண்ணுக்கு பியூட்டி பார்லர்ல கழுத்தைப் பின்னால சாய்ச்சுத் தலை அலசும்போதே தலைசுத்தலும் வாந்தியும் வந்து, பக்கவாதம்னு தெரிஞ்சது. 1993-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணு இதை 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்'னு எழுதிடுச்சு.

அந்த 'டக்' சத்தம் எலும்பு சேர்ற சத்தம் இல்லீங்க. மூட்டுத் திரவத்துல உருவாகிற வாயுக்குமிழியோட சத்தம்.

அப்போ கையால செய்யற வைத்தியமே பொய்யா? இல்லை. எந்தத் தலைவலின்னு முதல்ல தெரியணும். தலையைச் சுத்திக் கயிறு கட்டின மாதிரி இறுக்கம்னா டென்ஷன் தலைவலி. கழுத்தை அசைச்சா பிடரியில கிளம்பி முன்னால வர்றது கழுத்துத் தலைவலி. இது ரெண்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் பிடரித் தசையை மெதுவா அழுத்தித் தளர்த்தி, பயிற்சியும் சொல்லிக்கொடுத்தா நல்லாவே குறையும். விண்ணு விண்ணுனு தெறிச்சு, குமட்டல், வெளிச்சம் ஆகாதுன்னா மைக்ரேன். கனகசெட்டிக்குளம் மாதிரி கடலோர ஊர்ல ராத்திரி முழுக்கக் கடல்ல தூங்காம, வெறும் வயித்தோட, வெயில்ல கரை திரும்புறவங்களுக்கு இதைத் தூண்டிவிட எல்லாமே அமைஞ்சிருக்கு. இதுக்குச் சொடக்கு மருந்தில்லை. மாசத்துல 15 நாளுக்கு வலிமாத்திரை போடறவங்களா நீங்க? அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

சலூன்காரர் மேல எனக்குக் கோபம் இல்லை. அரசு ஓபியில ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் கிடைக்குது. கழுத்தைத் தொட்டுப் பாக்காமலே மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துடும். அவரோ கால் மணி நேரம் தொட்டுப் பேசறார். மக்கள் எங்க போவாங்க? ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரம் ரெண்டு நாளாவது பிசியோதெரபிஸ்ட் உட்காரணும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு டவுனுக்கு யாரும் கழுத்துப் பயிற்சிக்கு வரமாட்டாங்க.

திடீர்னு இடி மாதிரி தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, 50 வயசுக்கு மேல புதுசா வர்ற தலைவலி, இதெல்லாம் வந்தா நேரா ஆஸ்பத்திரி. சொடக்கு எடுத்த அன்னைக்கோ அடுத்த சில நாள்லயோ தலைசுத்தல், பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம், ரெட்டையா தெரியறது வந்தா 108-ஐக் கூப்பிடுங்க. உறைவைக் கரைக்கிற ஊசிக்கு அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து நாலரை மணி நேரம்தான். சலூனுக்குப் போனதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, நாங்க கேக்காட்டியும்.