விடுதலைக்கு முன் கேட்க வேண்டிய குரல்

சிறைவாசத்தின் நடுவே சில நாட்கள் வீடு சென்று வர அனுமதிப்பது பரோல். தண்டனைக் காலத்தையே குறைத்து அடியோடு வெளியே அனுப்புவது தண்டனைக் குறைப்பு. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் அன்பர்கள் பலர் மயங்குகின்றனர். பரோல் விதிகள் ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறுபடும். சிறை நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் பொறுப்பன்றோ? தண்டனைக் குறைப்புக்கோ தேசம் முழுமைக்குமான சட்டம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473-வது பிரிவு.

இப்பிரிவின்படி, தண்டித்த கோர்ட்டின் நீதிபதியிடம் சர்க்கார் அபிப்பிராயம் கேட்கலாம். கைதியின் மனுவோடு சிறை அதிகாரியின் வழியாகத் தகவல்கள் வரும். ஆனால் குற்றத்தால் கெட்டழிந்த குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. வழக்கை வாபஸ் பெறுவதாயின் பாதிக்கப்பட்டவருக்குப் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே புதிய சட்டம் 360-வது பிரிவில் விதித்திருக்கிறது. தண்டனைக்கு முன் காட்டிய இந்த மரியாதையைத் தண்டனைக்குப் பின் ஏன் மறந்தார்களோ, நமக்கு விளங்கவில்லை.

இக்குறையின் விளைவை நாடு கண்டிருக்கிறது. 2002-ம் வருஷத்துக் குஜராத் கலவரத்தில் கர்ப்பிணிப் பெண்ணொருவர் பலாத்காரத்துக்கு ஆளானார். அவருடைய சிறு மகள் உள்ளிட்ட குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டனர். சுப்ரீம் கோர்ட் உத்தரவால் விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டு, 2008-ல் 11 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2022 ஆகஸ்டு 15 அன்று குஜராத் சர்க்கார் அவர்களை விடுதலை செய்தது. தம்முடைய பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை என்று அப்பெண் அறிக்கை விடுத்தார். பம்பாய் நீதிபதியின் அபிப்பிராயமும் விடுதலைக்கு எதிராகவே இருந்தது. 2024 ஜனவரி 8 அன்று சுப்ரீம் கோர்ட் விடுதலை உத்தரவுகளை ரத்துச் செய்தது. தண்டனை விதிக்கப்பட்டது மகாராஷ்டிரத்தில். ஆகவே தீர்மானிக்கும் உரிமை அந்த ராஜ்யத்துக்கே என்பது தீர்ப்பின் சாரம். பதினொருவரும் சிறை திரும்பினர். ஆனால் அதற்காக அப்பெண் மறுபடியும் டில்லி வரை வழக்காட வேண்டியதாயிற்று.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் இத்தீர்ப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொதுவாக, தண்டனை எந்த ராஜ்யத்தில் விதிக்கப்பட்டதோ அந்த ராஜ்ய சர்க்காரே விடுதலையைத் தீர்மானிக்கும். இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் தீங்குக்கு ஆளாகிப் பத்து வருஷத்துக்குப் பின் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ திரும்பிவிட்டால், இவ்வூர்ச் சர்க்கார் அவர்களை எங்கே தேடும்? மாற்றல் உத்தரவு வந்ததும் ரேஷன் கார்டை மாற்றுகிறோம், பிள்ளைகளின் பள்ளியை மாற்றுகிறோம். பழைய வழக்கின் சிறைச்சாலைக்கு யார் விலாசம் எழுதுகிறார்கள்? எழுதினாலும் அதைப் பதிவு செய்யும் கடமை அங்கே யாருக்கு?

கேட்பது வேறு, தடுக்கும் அதிகாரம் கொடுப்பது வேறு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலை நம்மவர் அனைவரும் அறிந்தது. நளினியின் மரண தண்டனையைக் குறைக்கும்படி சோனியா காந்தியே கேட்டுக்கொண்டார். 2000-ல் அது ஆயுள் தண்டனையாயிற்று. அதே குண்டுவெடிப்பில் மாண்ட வேறு சிலரின் குடும்பத்தாரோ கைதிகளின் விடுதலையை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றனர். 2019-ல் அம்மனு தள்ளுபடியாயிற்று. 2022-ல் எழுவரும் விடுதலையாயினர். ஒரே குற்றம், ஒரே துயரம். ஒருவர் மன்னித்தார், மற்றவர்கள் மறுத்தனர். இவர்களில் ஒருவர் சொல்லே இறுதி என்றால், கைதியின் கதி எதிர்த்தரப்பு வீட்டாரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். அது நீதியாகாது. திருந்தினானா என்பதைத் தக்கவர்கள்தாம் ஆராய வேண்டும்.

கைதி பக்கத்து நியாயத்தையும் நாம் மறக்கவில்லை. தாய் மரணப் படுக்கையில் கிடக்கையில் மகனை அனுப்ப மறுக்கும் சிறை திருத்தும் சிறையாகாது. ஜாமீன் நிற்க உள்ளூரில் ஆளில்லாத வெளியூர்க்காரனுக்குப் பரோல் எளிதில் கிட்டுவதில்லை என்பதும் ஒரு குறையே.

நாம் வேண்டுவது பெரிதல்ல. விடுதலை மனு பரிசீலனைக்கு வருமுன் பாதிக்கப்பட்டோருக்கு அவர்கள் அறிந்த மொழியில் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவர்கள் எழுதித் தருவதையும் நீதிபதியின் அபிப்பிராயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விலாசம் மாறினால் எந்த ஊர்ப் போலீஸ் நிலையத்திலும் பதிந்துகொள்ள வழி வேண்டும். பரோலில் வருகிறவன் பெரும்பாலும் அதே ஊருக்கு, சில வேளை அதே தெருவுக்கு வருகிறான். எந்தத் தேதியில் வருகிறான், எந்தத் தேதியில் திரும்புவான் என்று எதிர்வீட்டு விதவைக்கு ஒரு தபால் கார்டாவது போகலாமே.