முதுமைக்கு விற்கும் மாளிகை

பெங்களூரில் உழைத்து ஓய்ந்தவர்கள் ஓசூர், பேரிகைப் பக்கம் அமைதி தேடுவது இயல்பே. கோயம்புத்தூரைச் சூழ்ந்து எழுந்திருப்பவை போன்ற உயர்தர வயோதிகர் குடியிருப்புகளை நாம் இகழோம். வேளைக்கு உணவும், அவசரத்துக்கு வைத்தியரும், பேச்சுத் துணையும் அங்கே கிட்டும். பூட்டிய வீட்டில் தனித்திருப்பதினும் அது மேல். ஆனால் கிரயப் பத்திரம் சுவர்களுக்கே உரிமை தரும். சமையலும் சிகிச்சையும் மாதக் கட்டண ஒப்பந்தத்தைச் சார்ந்தவை. கட்டணம் ஏறினாலோ, நடத்துவோர் விலகினாலோ, எண்பது வயதில் எங்கே போவது? 2019-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட மாதிரி நெறிகள் ராஜ்யங்களுக்குச் சொன்ன யோசனையே, கட்டளையன்று. ஏழைகள் பாடோ இதனினும் பரிதாபம்: ஜில்லாதோறும் 150 ஆதரவற்ற முதியோர்க்கேனும் விடுதி என்ற 2007-ம் வருஷத்துச் சட்டமும் ‘அமைக்கலாம்’ என்றே பேசுகிறது. இரண்டிடத்தும் ‘வேண்டும்’ என்ற சொல்லைப் புகுத்த நமது பிரதிநிதிகள் தாமதியாது முயலுமாறு வற்புறுத்துகிறோம்.