வெற்றியும் நன்றியும்

ஒரு கழகத்தின் திறமையை அறிய விரும்புவோன் அது விளையாடும் காலத்தில் அதனைப் பார்த்தல் வேண்டும். அதன் உள்ளத்தை அறிய விரும்புவோன் ஆட்டம் ஓய்ந்த காலத்தில் அது யாது செய்கின்றது என்பதைப் பார்த்தல் வேண்டும். வட அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் பருவம் ஒக்ரோபரில் தொடங்கி யூன் மாதத்தில் முடிவுறும். அதன்பின் வரும் கோடைத் திங்கள்களிலேயே ஆட்டக்காரரைச் சேர்த்தலும் நீக்கலும் மாற்றிக்கொள்ளலும் பெரும்பாலும் நிகழ்கின்றன. அத்தகைய ஒரு கோடையிலே நிகழ்ந்த ஒரு மாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக என் மனத்துக்குள் நடந்துவரும் வழக்கொன்றை இங்கே வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

நன்னூற் சூத்திரங்களை மாணவர்க்கு உரைத்துக் காலங்கழிக்கும் ஒருவனுக்குக் கூடைப்பந்தாட்டத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் என் தம்பியின் மூத்த மகளுடைய திருமணத்துக்காகக் கனடா சென்று ஸ்காபரோவில் தங்கியிருந்தேன். நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் அந்நகர்ப்புறத்தில், தமிழ்ப் பிள்ளைகளிற் பலர்க்கு ரொறன்ரோ ராப்டர்ஸ் கழகமே ஊர்க் கழகம். யூலை 18ஆம் நாட் காலை, தம்பியின் கடைசி மகன், பதினான்கு வயதுப் பிள்ளை, உணவுண்ண மறுத்து அழுதுகொண்டிருந்தான். “பெரியப்பா, டெரோசனைக் குடுத்திட்டாங்கள்” என்றான். கல்யாண வீட்டில் ஒரு பிள்ளை இவ்வாறு அழக் காரணமாயிருந்த அம்மனிதர் யாவர் என்று அறியும் விருப்பத்தினாலேயே யான் இவ்வாட்டத்தின் இரசிகனானேன்.

டெமார் டெரோசன் 2009ஆம் ஆண்டில், இளைஞரைத் தெரிந்தெடுக்கும் வரிசையில் ஒன்பதாமவராக ராப்டர்ஸ் கழகத்துக்கு வந்தவர். அடுத்த ஆண்டே அக்கழகத்தின் தலைமை வீரரான கிறிஸ் பொஷ் மயாமிக்குச் சென்றுவிட்டார். அதற்கு முன்னர் 2000ஆம் ஆண்டில் ரேசி மக்கிறேடியும், 2004ஆம் ஆண்டில் வின்ஸ் காட்டரும் நீங்கியிருந்தனர். வடக்கே குளிர்நாட்டிலுள்ள இக்கழகத்தில் நல்ல வீரர் நிலைத்திரார் என்பது அந்நாளில் ஒரு பழமொழி போலாயிற்று. அந்நிலையில், கவலற்க, யான் இருக்கின்றேன் என்னும் கருத்துப்பட மக்களுக்குச் சொல்லி நின்றவர் இருபது வயதுப் பையனான டெரோசன். சொல்லியவாறே நின்றார். 2016ஆம் ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து எக்கழகத்துக்கும் போகும் உரிமை கைவந்தபோதும், வேறு எவரோடும் பேசாமலே ஐந்தாண்டுக்கு ரொறன்ரோவோடு மீண்டும் கைச்சாத்திட்டார். ஒன்பது பருவங்களில் அக்கழகத்துக்காக அவர் பெற்ற புள்ளிகள் 13,296. அதுகாறும் அக்கழக வரலாற்றில் வேறெவரும் அத்தொகையை எட்டியதில்லை.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் முறை. பருவ முடிவிலே வலிய கழகங்கள் மட்டும் மோதும் பிற்சுற்றில், 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டும் ராப்டர்ஸ் கழகம் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லன்ட் கழகத்திடம் தோற்றது. பின்னிரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டமேனும் வெல்லாமல், நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. 2018இல் அத்தோல்விக்கு முன்னர் 59 ஆட்டங்களில் வென்று தன் வரலாற்றிலேயே சிறந்த பருவத்தை அது கண்டிருந்தது. பயிற்றுநர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். நீக்கப்பட்ட சில வாரங்களில் அவ்வாண்டின் சிறந்த பயிற்றுநர் என்னும் விருது அவரைத் தேடி வந்தது. அவரது இடத்துக்கு நிக் நேர்ஸ் வந்தார். அதே வேளை யூலை முதல் நாளில் லெப்ரோன் ஜேம்ஸ் கிழக்குப் பிரிவை விட்டு லொஸ் ஏஞ்சலிசுக்குச் செல்ல முடிவு செய்தார். பல்லாண்டுகளாக அடைபட்டிருந்த வாயில் திறந்தது.

கழகத்தின் தலைவர் மசாய் உஜிரி, நைஜீரியாவில் வளர்ந்தவர், அவ்வாயிலைக் கண்டார். சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் கழகத்தில் கவாய் லெனர்ட் என்னும் பெருவீரர் மனங்கசந்து இருந்தார். 2014ஆம் ஆண்டு இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர். சிறந்த காப்பு வீரர் விருதை இருமுறை பெற்றவர். ஆயின் தொடையில் ஏற்பட்ட காயத்தினால் முந்திய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியவர். ஒப்பந்தத்தில் ஓராண்டே எஞ்சியிருந்தவர். அவரையும் டனி கிறீனையும் பெறுவதற்காக டெரோசனையும் ஜேக்கப் பேர்ட்லையும் எதிர்கால இளைஞர் ஒருவரைத் தெரியும் உரிமையையும் உஜிரி கொடுத்தார். கழகங்கள் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு. அதனைக் கடந்து நிற்கும் கழகம் பெருஞ்சம்பள வீரர் ஒருவரைப் பெற விரும்பின், ஏறத்தாழ ஒத்த சம்பளமுடைய தன் வீரரை ஈடாகக் கொடுத்தல் வேண்டும். பெரியதைப் பெறப் பெரியதையே கொடுக்கவேண்டும் என்பது விதி. கொடுக்கப்படுபவரின் சம்மதமோ, மிகச் சிலர் நீங்கலாக, கேட்கப்படுவதில்லை. நெல்லுக்கு உப்பு மாற்றிய நம் முன்னோரின் பண்டமாற்று முறையே இது. மாற்றப்படும் பண்டம் மனிதன் என்பதே வேறுபாடு.

இதன் பின் நடந்தது யாவரும் அறிந்தது. 2019 மே 12ஆம் நாள், பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், இறுதிக் கணத்தில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை தத்தி உள்ளே வீழ்ந்தது. 92க்கு 90 என்று வெற்றி. பின்னர் மில்வோக்கிக்கு எதிராக முதலிரண்டு ஆட்டங்களையும் இழந்து அடுத்த நான்கையும் வென்றனர். யூன் 13ஆம் நாள் கோல்டன் ஸ்டேட் வொறியர்ஸ் கழகத்தை வென்று, 1995இல் தோன்றிய அக்கழகம் தன் முதலாவது வாகையைச் சூடியது. ஒரு மாதமும் நிறையுமுன், யூலைத் தொடக்கத்தில், லெனர்ட் தாம் பிறந்த கலிபோர்னியாவுக்கு, லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கழகத்துக்குப் போய்விட்டார்.

“பார்த்தீரா, உஜிரி செய்தது சரியாயிற்று” என்பார் பலர். இவ்வாதத்தை யான் ஏற்கிலேன். உஜிரி செய்தது பிழை என்பது என் கருத்தன்று. இவர்கள் காட்டும் காரணம் பிழை என்பதே என் கருத்து. அப்பந்து நான்காவது முறை தத்தியபோது வெளியே வீழ்ந்திருப்பின் இவர்கள் யாது கூறுவர்? நன்றி கொன்றதற்கு இதுவே பயன் என்றன்றோ கூறியிருப்பர்? இறுதித் தொடரில் எதிர்க்கழகத்தின் கெவின் டுராண்டும் கிளே தொம்சனும் காயமுற்று வீழ்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. 2018 யூலையில் செய்யப்பட்ட ஒரு செயலின் தகுதியை 2019 மே மாதத்தில் ஒரு பந்து தத்திய விதம் தீர்மானிக்குமாயின், அறம் என்பது குருட்டு வாய்ப்பின் மறுபெயராய்விடும். செயலைச் செய்த நாளில், செய்தவன் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அதனை எடை போடுதல் வேண்டும்.

அவ்வாறு எடை போடினும் உஜிரியின் செயல் சரியே என்பது என் துணிபு. திருக்குறளிற் காலமறிதல் 49ஆம் அதிகாரம். தெரிந்துவினையாடல் 52ஆம் அதிகாரம். இரண்டும் பொருட்பாலைச் சார்ந்தவை. தலைமைப் பொறுப்பை ஏற்றவனுக்கு உரியவை. மூன்றாண்டு ஒரே மதிலில் மோதித் திரும்பிய படையை நான்காமாண்டும் அவ்வாறே நடத்துபவன் படையிடத்து அன்புடையவன் ஆகலாம். நல்ல தலைவன் ஆகான். கழகம் டெரோசன் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. கைல் லௌரி முதலான மற்றை வீரர்க்கும், இருபதாண்டுக்கு மேலாகக் காத்திருந்த மக்களுக்கும் உரியது.

ஆயின் அதே நூலிற் செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரமாக, அறத்துப்பாலில் அமைந்துள்ளது. பொருட்பாலுக்கு வந்தவன் அறத்துப்பாலைக் கடந்து வந்தவனேயன்றி, அதனைக் களைந்துவிட்டு வந்தவன் அல்லன். உஜிரியின் குறை டெரோசனை மாற்றியதில் இல்லை. சில நாட்களுக்கு முன்னரே இருவரும் சந்தித்திருந்தனர். தாம் மாற்றப்படமாட்டார் என்ற நம்பிக்கையோடு டெரோசன் அச்சந்திப்பினின்றும் மீண்டார். பின்னர், தமக்குச் சொல்லப்பட்டது ஒன்று, நடந்தது வேறொன்று, இவ்வாட்டத்தில் விசுவாசம் இல்லை என்னும் பொருள்பட மனம் நொந்து எழுதினார். அவ்வாண்டு பெப்ரவரியிலேதான் தமக்குள்ள மனச்சோர்வைப் பற்றி உலகறியக் கூறியவர் அவர் என்பதையும் நினைத்தல் வேண்டும். உஜிரி பத்திரிகையாளர் முன்னிலையில் டெரோசனிடம் மன்னிப்புக் கேட்டார். சொல்லிலும் கருத்திலும் இடைவெளி நேர்ந்திருக்கலாம் என்றார். இம்மன்னிப்பு நடிப்பு என்பார் உளர். யான் அதனை மதிக்கின்றேன். சரியான செயலைச் செய்தும் ஒருவன் கடனாளியாகக் கூடும் என்பதை ஒப்புக்கொண்ட மன்னிப்பு அது.

கோடிக்கணக்கிற் சம்பளம் பெறுபவனுக்கு இரக்கம் எதற்கு என்பது மற்றொரு வாதம். ஐந்தாண்டுக்கு 139 மில்லியன் டொலர் பெருந்தொகைதான். ஆயின் சம்பளம் என்பது செய்த வேலைக்கு ஈடு. வேறிடம் போகலாம் என்றபோதும் போகாதிருந்தமைக்கு அது ஈடாகாது. இன்னொன்று: கழகம் வீரனை மாற்றும்போது அது வணிகம் எனப்படுகின்றது, வீரன் கழகத்தை விட்டு நீங்கும்போது அது துரோகம் எனப்படுகின்றது. வின்ஸ் காட்டர் ரொறன்ரோவுக்கு எதிரணியில் வந்த ஒவ்வொரு முறையும் பத்தாண்டுக் காலம் இகழ்ச்சியொலி எழுந்தது. 2014இல் அவருடைய பணியைப் போற்றும் படக்காட்சி அரங்கில் காட்டப்பட்டபோது மக்கள் எழுந்து நின்றனர். அவர் கண்ணீர் விட்டார். 2024 நவம்பரில் அவரது 15ஆம் இலக்கச் சட்டை அரங்கில் உயர்த்தப்பட்டது. நன்றியை ஒப்புக்கொள்ள இருபதாண்டு சென்றது. லெனர்ட்டுக்கோ, அவர் நீங்கிய அதே ஆண்டு டிசம்பரில் எதிரணி வீரராக வந்தபோதே, கரவொலியோடு வெற்றிக் கணையாழி கொடுக்கப்பட்டது. அந்நகர மக்கள் இடையில் ஏதோ கற்றுக்கொண்டனர் என்று யான் எண்ணுகின்றேன்.

2019 பெப்ரவரி 22இல் டெரோசன் சான் அன்ரோனியோ அணியோடு ரொறன்ரோவுக்கு வந்த ஆட்டத்தை யான் இங்கிருந்தே கணினித் திரையிற் கண்டேன். அரங்கு முழுவதும் எழுந்து நின்று அவரை வரவேற்றது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டெரோசனின் கையிலிருந்த பந்தை லெனர்ட் தட்டிப் பறித்துத் தனியே ஓடிக் கூடையிற் போட்டார். 120க்கு 117 என ரொறன்ரோ வென்றது. வெற்றிக்கு மகிழ்ந்தேன். ஆயினும் கைவெறிதாய் நின்றவரைப் பார்த்தபோது வேறொரு முகம் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மூன்றாண்டாக எங்கள் அணியைத் தாங்கிய மாணவன் ஒருவன். ஒவ்வோராண்டும் அரையிறுதிவரை கொண்டுவந்து நிறுத்தினான். நான்காமாண்டு வேறு ஊரிலிருந்து சொல்வன்மை மிக்க புது மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். முன்னவன் ஒரு மாலை என்னிடம் வந்து, “ஐயா, எனக்கு இடம் இருக்குத்தானே?” என்று கேட்டான். “போய்ப் படி தம்பி” என்றேன். அது ஆம் என்று அவன் கொண்டான். அவ்வாறு அவன் கொள்ளுவான் என்பதை யான் அறிந்தே சொன்னேன். போட்டிக்கு நான்கு நாள் முன்னர் பெயர்ப் பட்டியல் அறிவித்தற்பலகையில் ஒட்டப்பட்டபோதே அவன் உண்மையை அறிந்தான். கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. இன்றும் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது. புது மாணவனைத் தெரிந்தது சரி என்றே இன்றும் எண்ணுகின்றேன். ஆனால் அம்மாலை யான் சொன்ன மூன்று சொற்களுக்காக அவனிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேடயம் அதற்கு விடை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆகவே, ஆட்டக் கழகமாயினும் கல்லூரியாயினும் சங்கமாயினும், ஆளை மாற்றும் பொறுப்புடையார்க்கு யான் சொல்லக்கூடியது இதுவே. மாற்ற வேண்டிய இடத்து மாற்றுக. இரக்கத்தினால் எல்லோரையும் தோற்கச் செய்தல் அறமன்று. ஆயின் மாற்றப்படுவோன் அதனை முதலில் உமது வாயாற் கேட்கட்டும். இரு பொருள்படும் சொல்லால் அவனை உறங்கவைக்க வேண்டாம். அவன் செய்ததை அவன் போனபின்னும் சொல்லுக. வெற்றி வந்தால் அவனுக்கு அதிற் பங்குண்டு என்று கூறுக. லௌரியும், வரிசையில் 27ஆவதாகத் தெரியப்பட்ட பஸ்கால் சியாகமும், எவராலும் தெரியப்படாத பிரெட் வன்விளீற்றும் அந்த வாகையில் ஆற்றிய பங்கு பெரிது. அவர்கள் வளர்ந்த வீட்டைக் கட்டியவருள் டெரோசனும் ஒருவர்.

உஜிரி 2025 யூனில் அக்கழகத்தை விட்டு நீங்கினார். டெரோசன் 2021இல் சிக்காகோவுக்கும் 2024இல் சக்கிரமன்ரோவுக்கும் சென்றார். அன்று அழுத பிள்ளை இன்று பல்கலைக்கழகம் சென்றுவிட்டான். டெரோசனின் பத்தாம் இலக்கச் சட்டையை அவன் இன்னும் வைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். எங்கள் விவாத அணியின் பழைய மாணவர் இப்போது தென்மாகாணத்தில் ஓர் அலுவலகத்திற் பணிபுரிகின்றார் என்று கேள்வி. முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கின்றேன். இக்கட்டுரை அச்சாகுமுன் அவருக்குக் கடிதம் எழுதிவிடல் வேண்டும். அறிவித்தற்பலகையிற் போலப் பத்திரிகையில் அவர் இதனை முதலில் அறிதல் கூடாது.